பிரேக் எண்ணெய் அல்ல, பிரேக் திரவம்

கார் பராமரிப்பு பற்றிய தமிழ்த் துண்டுத்தாள்களில் ‘பிரேக் எண்ணெய்’ என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அண்மையில் கைக்கு வந்த ஒரு பாதுகாப்புக் குறிப்பில் ‘பிரேக் எண்ணெய் குறைந்தால் நிரப்பவும்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நான்கே சொற்கள். அவற்றில் இரண்டு தவறு, இரண்டுமே ஆபத்தானவை.

பெடலை மிதிக்கும் விசையைக் குழாய் வழியே சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் இந்தத் திரவத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் பிரேக் ஃபுளூயிட். ஃபுளூயிட் என்பது ‘பாய்தல்’ என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் ‘திரவம்’ வடமொழியில் ‘ஓடுதல்’ என்ற வேரிலிருந்து வந்தது. இரு சொற்களும் ஒரே கருத்தில் பிறந்தவை. அவ்வளவுதான் சொற்பிறப்பு. சிக்கல் எண்ணெயில்தான் இருக்கிறது.

எள் + நெய் = எண்ணெய். எள்ளுக்கு மட்டும் உரிய பெயர் பிறகு தேங்காய்க்கும் வேம்புக்கும் விரிந்து, மண்ணெண்ணெய் வரை போய்விட்டது. ‘மண்ணெண்ணெயை ஏற்றுக்கொண்டவர்கள் பிரேக் எண்ணெயை ஏன் மறுக்க வேண்டும்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எதற்கு விரிந்தாலும் எண்ணெய் ஒரு குணத்தை விடவில்லை: அது தண்ணீரோடு ஒட்டாது. தமிழ் பேசும் எவருக்கும் எண்ணெய் என்றதும் மனத்தில் வருவது அந்தக் குணம்தான். மண்ணெண்ணெயும் தண்ணீரில் மிதக்கிறது. பிரேக் திரவம் மிதக்காது. கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் விட்டுக் கலக்கினால் படலம் பிரியாமல் ஒன்றாகிவிடும். காரின் வண்ணப்பூச்சில் சிந்தினால் அரித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்வது தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போகும் என்பதால்தான்.

பிரேக் திரவத்தை டாட் (DOT) என்ற தர எண்ணால் வகைப்படுத்துவார்கள். சாதாரணக் கார்களில் உள்ள டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் (glycol) என்ற, தண்ணீரோடு கலக்கும் வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை. காற்றின் ஈரத்தைத் தாமாகவே இழுத்துக்கொள்பவை. சிலிக்கோனால் ஆன டாட் 5 மட்டும் விலக்கு. அதை இவற்றோடு கலக்கக் கூடாது. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் விதி கேட்பதே 155 டிகிரிதான். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில் இதை அலட்சியப்படுத்த முடியாது. மலேசியாவின் கெந்திங் மலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டு, இறக்கம் முழுவதும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் வருகிறவரின் காரில் பழைய திரவம் கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதிக்கும் விசை சக்கரத்தைச் சேராமல் பெடல் உள்ளே போய்விடும்.

‘எண்ணெய்தானே, தண்ணீர் எப்படிச் சேரும்?’ என்று நினைக்க வைத்தது யார்? மொழிபெயர்ப்பாளர்தான். எண்ணெய் என்று படித்துவிட்டு யாராவது இயந்திர எண்ணெயை ஊற்றினால் பிரேக்கின் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுப்போகும்.

இங்கே பிழையின் வேரும் தெரிகிறது. மலாயில் ‘மின்யாக் பிரேக்’ என்கிறார்கள், சீனத்திலும் பேச்சுவழக்கில் எண்ணெய்தான். பட்டறையில் காதில் விழுவதை அப்படியே தமிழாக்கிவிட்டார்கள். விரைவுச்சாலை, பெருவிரைவு ரயில் என்று அழகான சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஊர் இது. பொருளை அறிந்து சொல்லைத் தேடும் அந்தப் பழக்கம் தேய்ந்து, பக்கத்து வரியைப் பார்த்து எழுதும் பழக்கம் பெருகியிருப்பது வேதனை தருகிறது.

தூய தமிழ் அன்பர்கள் நீர்மம், பாய்மம் என்பார்கள். பாய்மம் வாயுவையும் சேர்த்துக் குறிக்கும் இயற்பியல் சொல்; வாயு புகுந்தால் செயலிழக்கும் ஒன்றுக்கு அது பொருந்தாது. நீர்மம் நல்ல சொல். ஆனால் இங்கே பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். நீர்மம் என்றால் அவர்களுக்கு ‘நீர்’ மட்டுமே கேட்கும். அந்த நீரைத்தான் உள்ளே விடக் கூடாது. வடமொழி வேர் என்பதற்காகத் திரவத்தைத் தள்ளிவைக்க நான் உடன்படமாட்டேன். பிரேக்கை ‘தடை’, ‘தடுப்பு’ என்று மாற்றவும் தேவையில்லை. பஸ்ஸைப் போல அது நம் சொல்லாகிவிட்டது.

அடுத்த தவறு ‘நிரப்பவும்’. இயந்திர அறையில் வெளிர்நிறப் பிளாஸ்டிக் குடுவை ஒன்று இருக்கும். பக்கத்தில் மேல்கோடு, கீழ்க்கோடு. பிரேக் கட்டைகள் தேயத் தேயத் திரவம் சக்கரப் பக்கம் இறங்குவதால் மட்டம் குறையும். இல்லையென்றால் எங்கோ கசிகிறது. இரண்டுக்கும் பட்டறையில் சோதனைதான் வழி. ஊற்றி மறைத்துவிடக் கூடாது. மட்டம் சரியாக இருந்தாலும் திரவம் பழையதாகியிருக்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் பலர். ஆகவே எழுத வேண்டியது இது: ‘பிரேக் திரவம் குறைந்தால் சோதிக்கவும், காலக்கெடுவில் மாற்றவும்.’ திறந்த புட்டியில் மீந்ததை அடுத்த முறைக்கு எடுத்துவைக்க வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்க்கலாம். மூடியைத் திறந்தபோதே அது ஈரத்தை இழுக்கத் தொடங்கியிருக்கும்.