பீட்டா எச்.சி.ஜி.: எண்ணை நம்பும் முன்

கர்ப்பத்தை அறிய ரத்தத்தில் அளக்கும் ஹார்மோன் பீட்டா எச்.சி.ஜி. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அது இரண்டு நாளில் நன்றாக ஏற வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, தனக்கு ஏறவில்லையே என்று கலங்கி வருபவர்கள் உண்டு. ரிப்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்தால் லேப் வேறு, அளக்கப் பயன்படுத்திய பரிசோதனைக் கிட்டும் வேறு. அந்த ஒப்பீடே செல்லாது.

கிட்டில் ஓர் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஹார்மோனைப் பிடித்து வைக்கும். இன்னொன்று அதன் மறுபக்கத்தில் ஒட்டி சிக்னல் தரும். அந்த சிக்னல்தான் எண்ணாகிறது. ஆனால் ரத்தத்தில் எச்.சி.ஜி. முழு மூலக்கூறாகவும், தனித்த பீட்டா பகுதியாகவும், சிதைந்த துண்டுகளாகவும் கலந்திருக்கும். எதை எவ்வளவு பிடிப்பது என்பது கிட்டுக்குக் கிட் மாறும். அதனால் தொடர் பரிசோதனையை ஒரே லேபில் செய்யுங்கள்.

இதைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறு. சிலருடைய ரத்தத்தில் உள்ள சில எதிர்ப்பொருள்கள், ஹார்மோனே இல்லாதபோதும் கிட்டின் இரண்டு எதிர்ப்பொருள்களையும் இணைத்துவிடும். கருவி அதை ஹார்மோன் என்றே கணக்கிடும். சில புற்றுநோய்களிலும் எச்.சி.ஜி. உயரும். அப்படி வந்த எண்ணை நம்பி, இல்லாத புற்றுநோய்க்குக் கீமோதெரபியும் கருப்பை நீக்கமும் செய்யப்பட்ட பெண்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. நினைக்கவே மனம் பதறுகிறது. சந்தேகத்தைத் தீர்க்கும் வழிகள் எளியவை என்பதால் இன்னும் கூடுதலாக. அந்த எதிர்ப்பொருள்கள் பெரியவை, சிறுநீரில் பெரும்பாலும் இறங்காது. ரத்தத்தில் அளவு போதிய உயரத்தில் இருந்தும் சிறுநீரில் ஒன்றும் இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும். சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவத்தை, நீர்க்கச் செய்தால் உண்மையான ஹார்மோன் அதே விகிதத்தில் குறையும், பொய்யான எண் பெரும்பாலும் தாறுமாறாகப் போகும். வேறு நிறுவனத்தின் கிட்டிலும் ஒருமுறை பார்க்கலாம். அதேசமயம், மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பியே சிறிதளவு எச்.சி.ஜி. சுரப்பதுண்டு, அது கிட்டின் பிழையல்ல.

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் நேரும். கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு கட்டுக்கடங்காமல் பெருகும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் ஹார்மோன் பல லட்சத்தைத் தொடும்போது, இரண்டு எதிர்ப்பொருள்களும் தனித்தனியே நிரம்பிப்போய், எண் பொய்யாகக் குறையலாம். நீர்க்கச் செய்தால்தான் உண்மை தெரியும்.

முடி வளர்ச்சிக்கு விற்கும் பயோட்டின் மாத்திரையையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். நாள் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். சில மாத்திரைகளில் 10,000 இருக்கிறது. பயோட்டினைப் பயன்படுத்தி இயங்கும் கிட்டுகளில் இதனால் எச்.சி.ஜி. குறைவாகக் காட்டக்கூடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இலேயே இதுபற்றி எச்சரித்தது.

ரத்தம் கொடுக்கும்போது கடைசி மாதவிடாய்த் தேதி, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். குழந்தைப்பேறு சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால் அந்தத் தேதி கட்டாயம் வேண்டும். ஊசி மருந்து பல நாட்கள் ரத்தத்தில் தங்கும், அதையும் கிட் கர்ப்பத்தின் ஹார்மோனாகவே அளக்கும்.