வெளியேற்று ஆற்றல்: யார், யாரை, எங்கிருந்து?

கொழிஞ்சாம்பாறையில் நான் நடத்தும் டியூஷனுக்கு இரண்டு பாடத்திட்டத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கையில் தமிழ்நாட்டுப் பாடநூல் இருக்கும்; அதில் 'வெளியேற்று ஆற்றல்'. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அதையே 'வொர்க் ஃபங்ஷன்' என்று ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகியவர்கள். வீட்டில் பேசுவது எல்லோருக்கும் ஒரே தமிழ்தான். ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியே வரும் ஒளிமின் விளைவுப் பாடம் வந்தால்தான் ஆளுக்கொரு சொல்.

அன்றைக்குப் போட்ட கணக்கு இது. சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.3 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் ஒரு சின்ன அலகு). அதன்மேல் 400 நானோமீட்டர் அலைநீள ஒளி விழுகிறது. நிறுத்து மின்னழுத்தம், அதாவது வெளியே வரும் எலக்ட்ரானைத் தடுத்து நிறுத்தும் மின்னழுத்தம், எவ்வளவு? செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்து மாணவி ஒருத்தி ஒரே வரியில் முடித்திருந்தாள்: 2.3 வோல்ட்.

"எப்படிம்மா வந்துச்சு?"

"வெளியே வர்ற எலக்ட்ரானோட ஆற்றல் 2.3னு கேள்வியிலயே இருக்குதுங்களே சார். அதை நிறுத்த அதே அளவு வோல்ட்தானுங்க?"

இயற்பியலில் அவள் தப்புச் செய்யவில்லை. எலக்ட்ரான் 2.3 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலோடு வெளியே வந்தால் அதை நிறுத்த 2.3 வோல்ட்தான் வேண்டும். அவள் இடறியது ஒற்று ஒன்றில். 'வெளியேற்று' என்பதை 'வெளியேறு' என்று படித்துவிட்டாள்.

ஏறு, ஏற்று, மாறு, மாற்று, ஆறு, ஆற்று. தானே நடந்தால் தன்வினை, இன்னொன்றை நடத்தினால் பிறவினை. பால் ஆறும், அம்மா ஆற்றுவாள். 'வெளியேறு ஆற்றல்' என்றால் வெளியே போகிற எலக்ட்ரானின் ஆற்றல் என்று கொள்ளலாம். 'வெளியேற்று ஆற்றல்' என்றால் எலக்ட்ரானை வெளியேற்றுவதற்குப் பிடிக்கும் ஆற்றல். இலக்கணப்படி வினைத்தொகை, குறையே இல்லை. ஆனால் பரீட்சை அவசரத்தில் வினைத்தொகையைப் பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம்?

சரியான வழி இது. 1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின், அதாவது ஒளியின் ஒரு பொட்டலத்தின், ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைத்துவிடும். 1240ஐ 400ஆல் வகுக்க 3.1. அதில் 2.3 உலோகத்தைவிட்டு வெளியே வருவதற்கே போய்விடுகிறது. மிச்சம் 0.8, அதுதான் பெரும இயக்க ஆற்றல். ஆக நிறுத்து மின்னழுத்தம் 0.8 வோல்ட். ஜூலுக்கு மாற்றி, பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்டிப் பாதி நேரத்தைத் தொலைக்கும் பிள்ளைகளுக்கு இந்த 1240ஐத்தான் முதலில் சொல்லித் தருவேன்.

இனி சொல்லின் பூர்வீகம். 1887இல் ஹெர்ட்ஸ் இந்த விளைவைக் கண்டார். ஒளியின் செறிவைக் கூட்டினாலும் எலக்ட்ரானின் ஆற்றல் கூடவில்லை என்பதை 1902இல் லெனார்டு காட்டினார். 1905இல் ஐன்ஸ்டைன் அதற்குக் காரணம் சொன்னார்: ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது, ஓர் எலக்ட்ரானுக்கு ஒரு பொட்டலம்தான்; அதோடு ஒவ்வொரு எலக்ட்ரானும் பொருளைவிட்டு வெளியேறும்போது அந்தப் பொருளுக்கே உரிய ஒரு வேலையைச் செய்தாக வேண்டும். அவர் எழுதியது வெறுமனே 'வேலை'தான். ஆங்கிலத்தின் 'ஃபங்ஷன்' (சார்பு) என்ற பேச்சே அங்கே இல்லை. ஜெர்மன் மொழியில் இதற்கு இன்றும் 'ஆஸ்ட்ரிட்ஸ்ஆர்பைட்' என்றுதான் பெயர். ஆஸ்ட்ரிட் என்றால் வெளியேறுதல், ஆர்பைட் என்றால் வேலை. நம் பாடநூல் சொல் ஆங்கிலத்தைத் தாண்டி நேராக ஜெர்மனின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது!

ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்த தமிழும் உண்டு. ஈழத்துப் பாடநூல்களில் 'வேலைச் சார்பு'. கணிதத்தில் சார்பு என்றால் ஒன்றின் மதிப்பு இன்னொன்றைப் பொறுத்து மாறுவது. கணக்கில் வருவதோ, குறிப்பிட்ட உலோகப் பரப்புக்கு ஒரே ஓர் எண்: சோடியத்துக்கு ஏறக்குறைய 2.3, துத்தநாகத்துக்கு 4.3. 'சார்பு' என்று கேட்டதும் "ஒளியின் அதிர்வெண்ணைச் சார்ந்ததுங்களா சார்?" என்று கேட்பார்கள். இல்லை, எந்த ஒளி விழுந்தாலும் அந்த எண் அந்த எண்தான்.

எங்கள் பாலக்காட்டுப் பக்கம் இன்னொரு கூத்தும் இருக்கிறது. மலையாளத்தில் 'வேல' என்றால் வேலையும்தான், கோயில் திருவிழாவும்தான். மீன மாதம் வந்தால் நெம்மாற வல்லங்கி வேலைக்கு, அதன் வெடிக்கட்டைப் பார்க்க, ஊரே கிளம்பிவிடும். 'ஃபங்ஷன்' என்றால் காதுகுத்து, சீர், கல்யாணம். இரண்டையும் சேர்த்து 'வொர்க் ஃபங்ஷன்' என்றால் பின் பெஞ்சுப் பையன் விடுவானா? "வெடி எத்தனை மணிக்குங்க சார்?" என்றான். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகுதான் கிணற்றைக் கையில் எடுப்பேன். எங்களூர் வறண்ட பூமி, கிணறுகள் ஆழம். ஒரு வாளித் தண்ணீர் கைப்பிடிச்சுவரைத் தாண்ட எவ்வளவு இழுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நீர்மட்டத்திலிருந்து சுவர்வரை இழுக்கும் வேலைதான் வெளியேற்று ஆற்றல். மட்டத்துக்குக் கீழே ஆழத்தில் இருக்கும் எலக்ட்ரானுக்கு இன்னும் அதிகம் செலவாகும்; அது வெளியே வந்தாலும் குறைந்த வேகத்தோடுதான் வரும். சமன்பாட்டில் 'பெரும' இயக்க ஆற்றல் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

இதை அயனியாக்க ஆற்றலோடும் குழப்பக் கூடாது. தனித்து நிற்கும் சோடியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்க்க 5.1 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அதே சோடியம் கட்டியாக இருக்கும்போது அதில் பாதிகூட வேண்டாம், ஏனென்றால் அங்கே கடைசி எலக்ட்ரான் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் உலோகம் முழுக்கத் திரிகிறது.

அப்படியானால் எந்தத் தமிழ்ச்சொல் நல்லது? பரீட்சைத் தாளில் 'வெளியேற்று ஆற்றல்'தான். அதை மாற்று என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பில் மட்டும் 'வெளியேறு செலவு' என்கிறேன். செலவு என்பது 'செல்' என்பதிலிருந்து வந்தது. பழந்தமிழில் பயணம் என்று பொருள். காசு செலவாவது பிறகு வந்த பொருள். எலக்ட்ரானின் போக்கு, அதற்கு ஆகும் தொகை இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. 'பயன்தொடக்க அதிர்வெண்' என்ற நீளமான சொல்லும் இதோடு சேர்ந்தால் இறுக்கம் தளர்ந்துவிடும்: செலவுக்குச் சரியாக இருந்து மிச்சம் எதுவும் வைக்காத அதிர்வெண். சோடியத்துக்கு அலைநீளக் கணக்கில் 1240ஐ 2.3ஆல் வகுத்தால் சுமார் 539 நானோமீட்டர், பச்சை ஒளி. அதைவிட நீளமான சிவப்பு எத்தனை பிரகாசமாக விழுந்தாலும் எலக்ட்ரான் அசையாது.

மறுநாள் அதே மாணவிக்கு அதே 400 நானோமீட்டர் ஒளியைக் கொடுத்து, சோடியத்துக்குப் பதில் துத்தநாகத்தை வைத்தேன். 3.1ஐயும் 4.3ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள்.

"செலவுக்கே பத்தலைங்க சார்."

"வெளிச்சத்தை நூறு மடங்கு கூட்டினா?"

"ஒரு ஃபோட்டானுக்குப் பதில் நூறு பேர் வருவாங்க. எல்லார் கையிலயும் 3.1தானுங்களே இருக்கும். ஒருத்தர் காசை இன்னொருத்தர்கிட்ட வாங்க முடியாதுங்க."