களைக்கு உப்புத் தண்ணீர் அடிக்காதீர்கள்

வீட்டுத்தோட்டம் பார்க்கப் போகும் இடங்களில் இப்போது அதிகம் கேட்கும் கேள்வி, "கோமியத்தில் சுண்ணாம்பும் கல்லுப்பும் கலந்து தெளித்தால் களை செத்துவிடுமாமே, தெளிக்கலாமா சார்?" என்பதுதான். 'இயற்கைக் களைக்கொல்லி' என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கும்.

தயவுசெய்து வேண்டாம். உப்பு பட்டால் இலை கருகும், அது உண்மை. ஆனால் அந்த உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கி, தண்ணீர் கீழே இறங்காமல் செய்யும். பிறகு அங்கே நடும் தக்காளியும் கத்தரியும்தான் வாடும். உப்புச்சுவையுள்ள போர் தண்ணீர் பாய்ச்சும் வீடுகளில் நிலைமை இன்னும் மோசமாகும். வினிகரும் இளஞ்செடியின் இலையைக் கருக்கும், அவ்வளவுதான். வேர் ஊன்றிய களை மறுபடி துளிர்த்துவிடும்.

களையை அடக்க, முதலில் அது எப்படிப் பெருகுகிறது என்று பார்க்க வேண்டும். குப்பைமேனி, நாயுருவி, பார்த்தீனியம் எல்லாம் விதையால் பெருகுபவை. இவற்றைப் பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே பார்த்தீனியச் செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அதை வெறுங்கையால் தொடாதீர்கள். தோல் அரிப்பு வரும், சிலருக்கு மூச்சிரைப்பும் வரும். கையுறை போட்டு, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு எடுங்கள்.

கோரை அப்படியல்ல. மேலே பிடுங்கினால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும். மண்வெட்டியால் கொத்தினால் கிழங்குகளை இணைக்கும் தண்டு அறுந்து, அதுவரை உறங்கிக் கிடந்த கிழங்கும் தனியாக முளைக்கும். 'கொத்தக் கொத்த அதிகமாகிறது' என்று பலர் அலுத்துக்கொள்வது இதனால்தான். கறுப்பு பாலிதீன் விரித்தாலும் ஊசிபோன்ற முளையால் குத்திக்கொண்டு வெளியே வரும்.

கோடையில் கடப்பாரையால் நெம்பி மண்ணைப் புரட்டி, கிழங்குகளைப் பொறுக்கி மொட்டை மாடி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். எப்படியும் சில கிழங்குகள் தப்பும். அவை முளைக்க முளைக்க, நான்கைந்து இலை விடுவதற்குள் தரையோடு அறுத்துக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு முறை துளிர்க்கும்போதும் கிழங்கின் சேமிப்பு கரையும். அப்புறம் அந்த இடத்தில் சக்கரவள்ளியோ தட்டைப்பயறோ படரவிடுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. ஒரு பருவத்தில் ஒழியாது, ஆனால் தொடர்ந்து செய்தால் நிச்சயம் குறையும்.

மற்ற களைகளுக்கு மூடாக்கு போதும். சருகு, வைக்கோல், தென்னை ஓலை எது கிடைத்தாலும் மூன்று, நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். செடியின் தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும். வெறும் மண் தெரிந்தால் களை வரத்தான் செய்யும். தண்ணீரையும் பாத்தி முழுக்கப் பாய்ச்சாமல் செடியின் அடியில் மட்டும் விடுங்கள்.

கீரைப் பாத்திக்கு ஒரு வழி இருக்கிறது. விதைக்கும் முன் பாத்தியை நனைத்துவிட்டுப் பத்து நாள் காத்திருங்கள். முளைக்கும் களையை மண்ணைக் கிளறாமல் மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு விதையுங்கள். ஆழமாகக் கிளறினால் அடியில் கிடக்கும் விதைகள் மேலே வந்துவிடும்.

பருப்புக்கீரை, மூக்கிரட்டை தானாக முளைத்தால் குழம்புக்குப் பறித்துக்கொள்ளுங்கள். மருந்து தெளித்த இடமென்றால் தொடவேண்டாம்.

பல வீடுகளில் களை விலைகொடுத்தே வாங்கப்படுகிறது. சரியாக மக்காத சாணத்தில் மாடு தின்ற விதைகள் அப்படியே இருக்கும். லோடு மண்ணில் கோரைக்கிழங்கு வரும். மண்ணை இறக்கும் முன் ஒரு கூடை எடுத்துச் சலித்துப் பாருங்கள். கறுப்பாகச் சின்னக் கிழங்குகள் தென்பட்டால் அந்த மண்ணை வாங்காதீர்கள்.