மோட்டார் வாகன ஆய்வாளர்: வேலையில் சேர என்ன தேவை, என்ன பார்க்க வேண்டும், கையில் எவ்வளவு வரும்

நெடுஞ்சாலையில் "ஆர்.டி.ஓ. நிற்கிறார்" என்று லாரிக்காரர்கள் சொன்னால், அங்கே காக்கிச் சீருடையில் நிற்பவர் பெரும்பாலும் ஆர்.டி.ஓ. (வட்டாரப் போக்குவரத்து அலுவலர்) இல்லை, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊர்வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர். தமிழ்நாட்டில் போக்குவரத்துத் துறையில் நிலை 1, நிலை 2 என்று இந்தப் பதவி இரண்டு படிகளாக இருக்கிறது. வெளியிலிருந்து தேர்வெழுதி உள்ளே போகிறவர்கள் நிலை 2-இல்தான் சேர்கிறார்கள். ஆள் எடுப்பது டி.என்.பி.எஸ்.சி.

குரூப் 4 போல அடிக்கடி வரும் தேர்வு இல்லை இது. 2018-இல் 113 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். அப்புறம் நடந்ததைத் தேர்வுக்குத் தயாராகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் சிக்கியது வினாத்தாளில் இல்லை, பணிமனை அனுபவச் சான்றிதழில். அந்த வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போயின, நியமனமும் இழுத்துக்கொண்டே போனது.

அந்தச் சான்றிதழ் ஏன் அவ்வளவு முக்கியம்? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 213-ஆவது பிரிவு, ஆய்வாளருக்கான குறைந்தபட்சத் தகுதியை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. அதன்படி 1989-இல் வந்த அறிவிக்கை கேட்பவை இவை: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கலில் மூன்றாண்டு டிப்ளமோ, பெட்ரோல், டீசல் இரண்டு வகையிலும் இலகுரக வாகனம், கனரகச் சரக்கு வாகனம், கனரகப் பயணிகள் வாகனம் எல்லாவற்றையும் பழுது பார்க்கிற நல்ல பணிமனையில் ஓராண்டு வேலை அனுபவம், மோட்டார் சைக்கிளும் கனரக வாகனங்களும் ஓட்டுவதற்கான உரிமம். கார் மட்டும் சர்வீஸ் செய்கிற ஷோரூமில் மூன்று வருஷம் இருந்திருந்தாலும் இந்த வரிக்குள் அது அடங்காது. பேருந்தும் லாரியும் உள்ளே வந்து போகிற இடமாக இருக்க வேண்டும். எனவே பணிமனையைத் தேர்ந்தெடுக்கும்போதே அங்கே என்னென்ன வண்டி பார்க்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, பி.எஃப். விவரம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தெரிந்தவர் கடையில் முத்திரை குத்தி வாங்கிய காகிதம் சரிபார்ப்பில் நிற்காது.

உரிமத்துக்கும் காலம் பிடிக்கும். கனரக உரிமத்தை நேரடியாக எடுக்க முடியாது. இலகுரக உரிமம் வாங்கி ஓராண்டு ஆன பிறகே போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் தருவார்கள், அதற்கும் 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. டிப்ளமோ இறுதியாண்டிலேயே கார் உரிமத்தை எடுத்துவிடுவது நல்லது. தேர்வில் தமிழ்த் தகுதித்தாள் உண்டு, அதில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்ற விடைத்தாள் திருத்தப்படும். பாடத்திட்டம், வயது, தகுதி நிபந்தனைகளில் மாற்றம் ஏதும் இருந்தால் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும். அதை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

சரி, வேலை என்ன? என் பார்வையில் இந்தப் பதவியின் பாரம் முழுக்க எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றில் போடும் கையெழுத்தில்தான் இருக்கிறது. சரக்கு வண்டி, பேருந்து, ஆட்டோ, டாக்சி என எந்தப் போக்குவரத்து வாகனமும் 56-ஆவது பிரிவின்படி தகுதிச் சான்று இல்லாமல் ஓடக்கூடாது. புது வண்டிக்கு முதல் சான்று 2 ஆண்டு. வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, ஹாரன், வைப்பர், டயர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஒளிரும் பட்டை, புகை என்று வரிசையாகப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். கையெழுத்துப் போட்ட வண்டி நாளைக்கு விபத்தில் சிக்கினால் முதல் கேள்வி போட்டவரிடம்தான் வரும்.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்பு மாணவி இறந்தார். உயர்நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. இன்று மே மாதம் வந்தாலே ஆயுதப்படை மைதானங்களில் மஞ்சள் பேருந்துகள் வரிசையில் நிற்பதும், ஆய்வாளர்கள் தரைப்பலகையை மிதித்துப் பார்ப்பதும், அவசர வழிக் கதவைத் திறந்து மூடுவதும், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டியைச் சரிபார்ப்பதும் அதனால்தான். காவல், வருவாய், கல்வித் துறை ஆட்களும் கூட இருப்பார்கள். 2022-க்குப் பிறகு முன்னும் பின்னும் கேமரா, பின்புற சென்சார் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

இதுவரை ஆய்வாளரின் கண்ணும் காதும் பார்த்த இந்த எஃப்.சி. வேலையை எந்திரத்துக்கு மாற்றுகிறது மத்திய அரசு. தானியங்கிச் சோதனை நிலையம் வந்துவிட்ட பகுதிகளில் சோதனை அங்கேதான் நடக்க வேண்டும் என்பது புதிய விதி. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் சாலைத் தணிக்கையையும் விபத்து வண்டியைப் பார்ப்பதையும் எந்த நிலையமும் செய்யப்போவதில்லை.

சாலையில் ஆய்வாளர் வண்டியை நிறுத்தி ஆவணம் கேட்கலாம். டிஜிலாக்கரில் இருந்தால் அதுவே போதும், காகிதம் வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. பெர்மிட், பதிவு இல்லாத வண்டியை 207-ஆவது பிரிவில் பிடித்து வைக்கலாம். அதிக பாரம் என்று சந்தேகப்பட்டால் எடை மேடைக்கு அனுப்பலாம். ஆனால் அந்த மேடை போகிற வழியில் 10 கிலோமீட்டருக்குள்ளோ, சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 5 டன் கூட ஏற்றியிருந்தால் 30,000. கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில். எடை போட மறுத்து ஓட்டிச் சென்றால் 40,000. ஜூஜூவாடி, க.க.சாவடி போன்ற எல்லைச் சோதனைச் சாவடிகளில் பணி கிடைத்தவர்களுக்கு இரவு ஷிப்டும் சேர்ந்துகொள்ளும்.

ஓட்டுநர் தேர்வு எல்லோருக்கும் தெரிந்தது, ‘எட்டு’ போடச் சொல்கிறவர் இவர்தான். தேறாதவர் 7 நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். விபத்தில் சிக்கிய வண்டியை 136-ஆவது பிரிவின்படி பார்த்து, கோளாறு முன்பே இருந்ததா என்று எழுதித் தருவதும் இவர் வேலை. அந்த அறிக்கை குற்ற வழக்குக்கும் இழப்பீட்டு வழக்குக்கும் போகும். சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு நேரில் போக வேண்டியும் வரும்.

இனி சம்பளம். நிலை 2-க்கு அடிப்படை ஊதியம் 35,000 ரூபாய்க்கு மேல் தொடங்கி, ஊதிய நிலையின் உச்சத்தில் 1,10,000-ஐத் தாண்டும். கணக்குக்கு 37,000 என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜனவரி நிலவரப்படி அகவிலைப்படி 55 விழுக்காடு, அதாவது 20,350. இரண்டும் சேர்த்து 57,350. இதற்கு மேல் வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்து மாறும், சென்னையில் கூடுதல். மருத்துவப்படி 300. பிடித்தத்தில் பெரியது ஓய்வூதியப் பங்களிப்பு: அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 10 விழுக்காடு, இங்கே 5,735. ஆக, புதிதாகச் சேர்ந்தவர் கையில் வாங்குவது ஐம்பதாயிரத்தை ஒட்டிய தொகை. போடுகிற அபராதம் அரசுக் கணக்குக்குத்தான் போகிறது. "மேல் வருமானம் வரும்" என்று கல்யாணத் தரகர் சொல்வதை நம்பி வருகிறவர்கள், லஞ்ச ஒழிப்புத் துறை அடிக்கடி சோதனை போடும் அலுவலகங்களில் ஆர்.டி.ஓ. அலுவலகமும் ஒன்று என்பதையும் தெரிந்துகொண்டு வரட்டும்.

நிலை 1-க்குப் பதவி உயர்வு கிடைத்தால் ஒரு பகுதி அலுவலகத்தின் பொறுப்பையே ஏற்கலாம். அங்கிருந்து வட்டாரப் போக்குவரத்து அலுவலர் பதவிக்கும் வழி இருக்கிறது. அந்த நாற்காலிக்குப் போன பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிற வேலை குறைந்து, பெர்மிட் கோப்புகளும் வரி பாக்கியும் மேல்முறையீடுகளும் மேசையை நிறைத்துவிடும்.