பரிசு வாங்கிய கோலத்தில் ஒரு அறிகுறிகூட இல்லை

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபர் பிறந்தால் எங்களைப் போன்ற மார்பக அறுவை மருத்துவர்களுக்குக் கோலப்போட்டி நடுவர் வேலையும் வந்துவிடும். கல்லூரி வளாகம், குடியிருப்போர் சங்கம், ஆஸ்பத்திரி வாசல் என்று எங்கே போனாலும் தரையெல்லாம் இளஞ்சிவப்புப் பொடி. நடுவில் ஒரு ரிப்பன், பக்கத்தில் ஒரு பெண்முகம், கீழே 'புற்றுநோயை வெல்வோம்'. சில கோலங்களில் புற்றுநோய்க்கு அடையாளமாகக் கொடுக்கை விரித்த நண்டு ஒன்றும் இருக்கும். பார்க்க அழகுதான், கைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஐம்பது வயதுப் பெண்மணியிடம், "உடம்பில் எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டால் பதில் வராது. கோலம் அவருக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: புற்றுநோய் என்று ஒன்று இருக்கிறது. அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். நண்டு பயத்தை வேறு கூட்டி அனுப்புகிறது.

2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். இத்தனை இறப்புக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவது. ஏன் தாமதம் என்று கேட்டால் என் அறையில் அதிகம் கேட்கும் பதில், "வலிக்கவே இல்லையே டாக்டர்" என்பதுதான். ஆரம்பக் கட்டத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. இந்த ஒரு செய்தியைச் சொல்லும் கோலத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் பரிசு கொடுப்பேன்.

மார்பை எப்படித் தெருவில் வரைவது என்று கேட்பார்கள். வரைய வேண்டியதில்லை. கொரின் பியூமான்ட் என்ற வடிவமைப்பாளர் முட்டை அட்டையில் 12 எலுமிச்சம்பழங்களை அடுக்கி, ஒவ்வொரு பழத்திலும் ஒரு அறிகுறியைக் காட்டிய படம் 2017இல் உலகம் முழுக்கப் பரவியது. பழத்தின் காம்புப் பக்கம் உள்ளிழுத்தால் மார்புக் காம்பு உள்வாங்கியதற்கு அடையாளம், ஓரிடத்தில் குழி விழுந்தால் தோல் சுருங்கியதற்கு அடையாளம். எலுமிச்சையும் தாமரையும் நம் கோலங்களுக்குப் புதிதல்ல. தாமரையில் ஒரே ஒரு இதழை உள்ளே இழுத்து வரையலாம். ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி தோல் தடித்துப் புள்ளிபுள்ளியாகக் குழி விழுவதை நாங்கள் 'ஆரஞ்சுத் தோல்' என்றே சொல்கிறோம். கோலமாவு கையில் இருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. ரத்தம் கலந்த கசிவு, காம்பில் ஆறாத புண், அக்குளில் கட்டி, மருந்து கொடுத்தும் அடங்காத சிவப்பு வீக்கம் ஆகியவையும் பட்டியலில் உண்டு. ஒரு கோலத்துக்கு ஒரு அறிகுறி போதும். பத்துக் கோலம் சேர்ந்தால் தெருவே பாடம் நடத்திவிடும்.

கம்பிக் கோலத்தில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. சுயபரிசோதனை சொல்லித்தரும்போது பலரும் நினைத்த இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். விரல் போக வேண்டிய பாதை ஒன்று உண்டு. மேலே கழுத்துப்பட்டை எலும்பு, கீழே மார்பின் அடிமடிப்பு, வெளியே அக்குள், உள்ளே நடு நெஞ்செலும்பு என்று எல்லை வைத்துக்கொண்டு, அக்குளில் தொடங்கி மேலும் கீழுமாக வரிசை வரிசையாக வர வேண்டும். 7 புள்ளி 7 வரிசை நேர்ப்புள்ளி வைத்து ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக் கம்பி இழுப்பது போலத்தான். ஒரு புள்ளி விட்டுப்போனால் கோலம் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும் அல்லவா? அந்த உறுத்தல் இங்கேயும் வேண்டும். நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால் முதலில் மெதுவாக, பிறகு சற்று அழுத்தி, பிறகு நன்றாக அழுத்தித் தடவ வேண்டும். கிள்ளிப் பார்க்கக் கூடாது. கிள்ளினால் நல்ல சதைகூடக் கட்டியாகத்தான் தெரியும். அக்குளை ஒட்டிய மேல் வெளிப்பகுதியில் கூடுதல் நேரம் நில்லுங்கள், ஏறக்குறைய பாதிக் கட்டிகள் அங்கேதான் வருகின்றன. மாதவிலக்கு முடிந்த சில நாள் கழித்துப் பார்ப்பது நல்லது. மாதவிலக்கு நின்றவர்கள் தமிழ் மாதப் பிறப்பன்று என்று வைத்துக்கொள்ளலாம், மறக்காது.

கண்ணாடி முன் நின்று பார்ப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. கோலத்தில் இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும், மார்பு அப்படி இல்லை. ஒன்று சற்றுப் பெரிதாகவோ தாழ்ந்தோ இருப்பது இயல்பு. புதிதாக வந்த மாற்றம்தான் கணக்கு. கையில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பயந்துகொண்டே மறைப்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஷாங்காய் நகர நெசவாலைகளில் சுமார் 2,66,000 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் 20 ஆண்டு ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் பரிசோதித்தபோது 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. ஆக, தன் உடம்பைத் தெரிந்துவைத்திருப்பது முதல் படி, பயிற்சி பெற்ற கை தொட்டுப் பார்ப்பது அடுத்த படி. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தப் பரிசோதனை உண்டு. எனவே போட்டி நடத்துகிறவர்களிடம் நான் வைக்கும் நிபந்தனை: பக்கத்திலேயே திரை போட்ட ஓர் அறை, ஒரு பெண் மருத்துவரோ செவிலியரோ. இல்லையென்றால் நடுவராக வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. இந்தப் போட்டிகளில் குனிந்து கோலம் போடுவோர் பெரும்பாலும் கல்லூரிப் பெண்கள். நம் நாட்டில் இந்த நோய் அதிகம் வருவது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும். அந்த வயதில் கணவரை இழந்த பெண்கள் பலர் வாசலில் கோலம் போடுவதையே விட்டுவிட்டிருக்கிறார்கள், அல்லது விடவைத்திருக்கிறார்கள். யாருக்குச் செய்தி போய்ச்சேர வேண்டுமோ அவர்களையே ஒதுக்கிவைத்து நடத்தும் விழிப்புணர்வு எதற்கு? அதனால் ஒரு மாணவியோடு அவர் வீட்டிலோ தெருவிலோ உள்ள 40 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் சேர்ந்தால்தான் பெயர்ப்பதிவு என்று வைக்கச் சொல்கிறேன். சித்தி, அத்தை, பக்கத்து வீட்டுப் பாட்டி, யாராகவும் இருக்கட்டும். இரண்டு மணி நேரம் குந்தி உட்கார்ந்து கோலம் போடும்போது பேச்சு தானாக வரும். மேடையில் நான் பேசும் அரைமணி நேரத்தில் வாய் திறக்காதவர்கள் அந்த இடைவெளியில், "எனக்கும் இங்க ஏதோ உருண்டையா இருக்குடி" என்று பொண்ணிடம் சொல்லிவிடுவார்கள். பால் கொடுக்கும் தாய்மார்கள், "பால் கட்டுதான்" என்று ஒதுக்குவதும் அங்கேதான் வெளிவரும். உண்மையிலேயே பால் கட்டாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் காட்டிவிட வேண்டும்.

சிகிச்சை முடித்தவர்களும் போட்டிக்கு வருகிறார்கள். அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையால் கோலம் போடலாமா என்பது அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. போடலாம். தோள்பட்டைப் பயிற்சியைத் தொடர்ந்து செய்துகொண்டு, சிறு கோலத்தில் தொடங்கி மெல்ல மெல்லப் பெரிதாக்குங்கள். நடுநடுவே எழுந்து கையை உயர்த்தி நீட்டுங்கள். கை கனத்தாலோ மோதிரம், வளையல் இறுகினாலோ அடுத்த பரிசோதனைத் தேதி வரும்வரை காத்திருக்காமல் வந்துவிடுங்கள். கீமோ எடுத்தவர்கள் சிலருக்கு விரல்நுனி மரத்துப்போய் மாவு சீராக விழாது, கம்பி கோணும். சில கீமோ மருந்துகள் நரம்பைத் தொடுவதால் வருவது அது. பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறைந்துவிடும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை முடிவு செய்ய எங்களுக்கு அது தேவைப்படும் தகவல்.