என்விடியா, ஏஎம்டி, இன்டெல்: கார்டு வாங்குமுன் உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கிராபிக்ஸ் கார்டு ஒப்பீட்டு வீடியோக்களில் ஓரமாகச் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: சோதனைக்குப் பயன்படுத்திய பிராசஸர் எது என்று. 2025-இல் வந்த சோதனைகளில் பெரும்பாலும் அது ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி. அந்தப் பிராசஸர் ஒன்றின் விலைக்கு, என்னிடம் கார்டு மாற்ற வருகிற பலருடைய முழு கம்ப்யூட்டரையும் செகண்ட் ஹேண்டில் வாங்கிவிடலாம். சோதிப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கார்டின் முழு வேகத்தை அளக்க வேண்டுமென்றால் இருப்பதிலேயே வேகமான பிராசஸரைத்தான் போட வேண்டும். ஆனால் அந்த வரிசையில் மேலே நின்ற கார்டு, உங்கள் வீட்டில் ஆறு வருடமாக ஓடும் பெட்டிக்குள் போனதும் வேறு இடத்துக்கு இறங்கிவிடலாம். "என்விடியாவா, ஏஎம்டியா, இல்ல இன்டெல் எடுக்கலாமாண்ணே?" என்று வருபவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது மதர்போர்டு மாடல் என்ன என்பதைத்தான்.

இன்டெல்லின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2024 டிசம்பரில் அதன் ஆர்க் பி580 கார்டு வந்தது. 12 ஜிபி வீடியோ மெமரி, அமெரிக்க விலை 249 டாலர். அதே சமயம் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபியோடு 299 டாலர். சோதனைகளில் பி580 பல கேம்களில் 4060-ஐ முந்தியது. எல்லோரும் கொண்டாடினார்கள். அடுத்த மாதமே யூடியூப் விமர்சகர்கள் சிலர் அதே கார்டைப் பழைய ரைசன் 5 2600 போன்ற பிராசஸர்களில் போட்டுப் பார்த்தபோது நிலைமை தலைகீழ். இன்டெல்லின் டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், பிராசஸரிடம் அதிக வேலை வாங்குகிறது. நடுத்தரப் பிராசஸரான ரைசன் 5 5600-இல்கூடச் சில கேம்களில் 4060-க்குப் பின்னால் போனது. பிறகு வந்த டிரைவர்களில் சில கேம்களில் இந்தக் குறை தணிந்திருக்கிறது, முழுதாகப் போய்விடவில்லை.

அதோடு ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் என்ற வசதி (பிராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே வீச்சில் எட்ட விடுவது) மதர்போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் சில கேம்களில் கால்வாசி வேகம்கூடக் காணாமல் போகும், படம் விட்டுவிட்டு வரும். இன்டெல் 10-ஆம் தலைமுறைக்கும் ரைசன் 3000 வரிசைக்கும் முந்தைய மெஷின்களில் இந்தக் கார்டைப் போட அந்த நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. ஆக, குறைந்த பட்ஜெட்காரருக்கென்று வந்த கார்டு, குறைந்த பட்ஜெட்காரரிடம் இருக்கும் பழைய மெஷினுக்குத்தான் பொருந்தவில்லை! புதிதாக முழு செட் போடுகிறவருக்கு நான் பி580-ஐத் தயங்காமல் சொல்வேன். பழைய பெட்டிக்குக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

அடுத்தது, கடையில் யாருமே பேசாத லேன் கணக்கு. லேன் என்பது கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் ஓடும் தடம். கார்டு உட்காரும் நீள ஸ்லாட் 16 லேன் கொண்டது. ஆனால் விலை குறைந்த கார்டுகளில் பல அந்தப் பதினாறையும் பயன்படுத்துவதில்லை. ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ எல்லாம் 8 லேன். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600-உம் 8 லேன்தான். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னும் மோசம், வெறும் 4 லேன், 4 ஜிபி மெமரி. அந்த ஸ்லாட்டின் தரமான பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள புதுப் போர்டில் சமாளிக்கும். பழைய 3.0 போர்டில் அதே லேன்களின் வேகம் பாதியாகிவிடும்.

பாதியானால் என்ன? கேமுக்குத் தேவையானது எல்லாம் கார்டின் மெமரிக்குள் அடங்கும்வரை பெரிய வித்தியாசம் தெரியாது. மெமரி நிரம்பி வழியும்போதுதான் கார்டு மெஷினின் ராமிலிருந்து அந்தக் குறுகிய பாதை வழியாக இழுத்து இழுத்து வாங்கும். அப்போது ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்குத் திரையில் வரும் படங்கள், படுத்துவிடும். அதாவது 8 ஜிபி, 8 லேன், பழைய 3.0 போர்டு மூன்றும் சேர்வதுதான் ஆபத்து. 2021-இல் கார்டு தட்டுப்பாட்டின்போது, பிற்பாடு கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று ரைசன் 5 5600ஜி வாங்கியவர்கள் நம் பக்கம் நிறைய. அந்தப் பிராசஸர் 3.0 மட்டுமே தரும், எவ்வளவு விலையுயர்ந்த போர்டில் போட்டாலும். இவர்களுக்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி பொருத்தமாக இருக்கும், அது 16 லேனையும் பயன்படுத்துகிறது. 349 டாலர் என்று அறிவித்தார்கள். அதற்குப் போட்டியான ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி 429 டாலர். சாதாரண கேமில் இரண்டுக்கும் சில சதவீத வித்தியாசம்தான், ஒளி, நிழலை நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங் போட்டால் என்விடியா இன்னும் கொஞ்சம் முன்னால். அந்த 80 டாலருக்கு நல்ல எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) வாங்கலாம். ஏன் எஸ்எம்பிஎஸ் என்று சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பெயர் விளையாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 5060 டிஐ என்றால் 8 ஜிபியும் உண்டு, 16 ஜிபியும் உண்டு. 9060 எக்ஸ்டியும் அப்படியே. இரண்டு நிறுவனமும் ஒரே பெயரை ஒட்டி விற்கின்றன. மெமரி மட்டும் வேறு என்றால் பரவாயில்லை. ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜிபி கார்டுக்கு 2560 கோர் (கணக்குப் போடும் சின்ன அலகுகள்), 2024-இல் வந்த 6 ஜிபி கார்டுக்கு 2304 கோர், மெமரிப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறைந்தது. பெயர் ஒன்று, சரக்கு வேறு. (அந்த 6 ஜிபி கார்டுக்கும் ஓர் இடம் உண்டு. 70 வாட்தான் எடுக்கும், தனி பவர் கேபிள் வேண்டாம். ஆபீஸ்களில் கழித்துவிட்ட பிராண்டட் டெஸ்க்டாப்பை வாங்கி வைத்திருக்கும் பையன்களுக்கு நான் அதைத்தான் போட்டுத் தருகிறேன்.)

விளம்பர எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 ஜனவரியில் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, முந்தைய தலைமுறையின் உச்சமான 4090-க்கு நிகர் என்று என்விடியா மேடையில் சொன்னது. அது கார்டு தானே இடையிடையே உருவாக்கிச் செருகும் ஃபிரேம்களையும் சேர்த்த கணக்கு. திரையில் ஓட்டம் மென்மையாகத் தெரியும், மவுஸை அசைத்தால் கிடைக்கும் பதில் அந்த வேகத்தில் வராது. ஆனால் இந்த ஃபிரேம் செருகும் வேலையும் அடங்கிய என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் தொகுப்பின் இன்னொரு பக்கம், குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கும் வேலை, உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. 2025-இல் வந்த அதன் புதிய மாடலை 2018-இன் ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் கொடுத்தார்கள். அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 வந்தபோது ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கு மட்டும் என்றார்கள். ஏஎம்டி பழைய வாடிக்கையாளரை இன்னும் நன்றாகக் கவனித்திருக்கலாம்.

டிரைவர் பேச்சுக்கு வருவோம். "ஏஎம்டி டிரைவர் சரியில்ல" என்பது நம் ஊரில் அப்பா பிள்ளைக்குச் சொல்லி வளர்க்கும் செய்தி போல ஆகிவிட்டது. காரணமில்லாமல் வந்த பெயரில்லை. 2019-இல் வந்த ஆர்எக்ஸ் 5700 கார்டுகளில் திரை கறுத்துப்போகும் தொல்லை மாதக்கணக்கில் இருந்தது. 2023 அக்டோபரில், மவுஸ் அசைவுக்கும் திரைக்கும் நடுவே உள்ள தாமதத்தைக் குறைக்கும் ஆன்டி-லேக் பிளஸ் என்ற வசதியை டிரைவர் வழியாகக் கவுன்டர்-ஸ்டிரைக் 2 கேமுக்கும் கொடுத்தார்கள். அது கேமின் உள்கோப்புகளில் கைவைத்ததால், கவுன்டர்-ஸ்டிரைக் 2 ஆடியவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று தடை செய்யப்பட்டார்கள். ஏஎம்டி அந்த வசதியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

ஆனால் 2025 தொடக்கத்தில் திரை கறுத்தது என்விடியாவுக்கு. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வந்த கையோடு தொடங்கிய கோளாறுகளுக்கு அவசரத் திருத்தமாக ஒன்றன்பின் ஒன்றாக டிரைவர் விட்டார்கள், ஏப்ரல்வரை அதே பாடு. இன்டெல் 2022-இல் முதல் ஆர்க் கார்டுகளை விட்டபோது டைரக்ட்எக்ஸ் 9 கேம்களை நேராக ஓட்டாமல் மாற்றி ஓட்டியது, பழைய கேம்கள் தடுமாறின. அதே டிசம்பரில் வந்த டிரைவரில் அதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். இன்றைய நிலையில் மூன்று பேரின் டிரைவரும் அன்றாடத்துக்குப் போதுமானவை. புத்தம்புது கேம் வெளியான அன்றே ஆட வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் என்விடியா இன்னும் ஒரு படி மேல்.

பெரிய வேறுபாடு, எத்தனை வருடம் டிரைவர் வரும் என்பதில் இருக்கிறது. நாம் ஒரு கார்டை ஏழெட்டு வருடம் ஓட்டிவிட்டுத் தம்பிக்கோ மச்சானுக்கோ கொடுக்கிறவர்கள், ஆகவே இது நமக்கு முக்கியம். 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ-க்கு 2025 அக்டோபர்வரை என்விடியா கேம் டிரைவர் கொடுத்தது. 2016-இன் ஜிடிஎக்ஸ் 1060-க்கும் அதே நாளில்தான் நிறுத்தம், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர்வரை. ஏஎம்டி பக்கம், 2015-இன் ஃபியூரி கார்டுகளை 2021-லேயே நிறுத்தினார்கள். 2017-இன் வேகா கார்டுகளை 2023-இல் தனிக் கிளைக்குத் தள்ளினார்கள். 2025 அக்டோபரில் ஆர்எக்ஸ் 5000, 6000 இரண்டையும் பராமரிப்பு நிலைக்கு மாற்றுவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் புதிய கேம்களுக்கான ஆதரவு தொடரும் என்று விளக்கம் சொன்னார்கள். அப்போதும் ஆர்எக்ஸ் 6600 கடைகளில் புதிதாக விற்றுக்கொண்டிருந்தது. லினக்ஸ் போடுகிறவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். ஏஎம்டியின் திறமூல டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடே வருவதால் பழைய கார்டுகள் நிறுவனம் கைவிட்ட பிறகும் ஓடும்.

இப்போது எஸ்எம்பிஎஸ். டிரைவர் கோளாறு என்று என் மேசைக்கு வருகிற மெஷின்களில் கணிசமானவை டிரைவர் கோளாறே இல்லை. கேபினெட்டோடு சும்மா வந்த எஸ்எம்பிஎஸ், அல்லது கார்டின் இரண்டு பவர் சாக்கெட்டுக்கும் ஒரே கேபிளிலிருந்து கிளை பிரித்துச் செருகியது, அல்லது பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போட்டு வேகம் கூட்டியதால் தள்ளாடும் ராம். கார்டு திடீரென்று மின்சாரம் கேட்கும்போது திரை கறுக்கும். விண்டோஸோ டிரைவர் நின்றுவிட்டது என்று செய்தி போடும். பழி டிரைவர் மேல். ஏஎம்டிக்கு இதில் பழி கூடுதலாக விழக் காரணம் உண்டு: 4060 எடுப்பது 115 வாட், ஆர்எக்ஸ் 7600-க்கு 165 வாட், ஆர்க் பி580-க்கு 190 வாட். அதே மட்டமான எஸ்எம்பிஎஸ் 115-ஐத் தாங்கும், 165-இல் மூச்சுத் திணறும். இன்னொன்று, விண்டோஸ் அப்டேட் சில சமயம் நீங்கள் போட்ட ஏஎம்டி டிரைவர் மேல் பழைய டிரைவரைப் போட்டுவிடும். கார்டு கம்பெனி மாறும்போது நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியூ என்ற இலவச துடைப்புக் கருவியால் பழைய டிரைவரை முழுதாகத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

கேம் ஆடாதவர்களுக்கு என் பதில் வேறு. கல்லூரி புராஜெக்டுக்கு மெஷின் லேர்னிங் என்றால் என்விடியா, விவாதமே வேண்டாம். கார்டைக் கேமுக்கு அப்பாலான கணக்குகளுக்குப் பயன்படுத்த உதவும் என்விடியாவின் மென்பொருள் தளம் கூடா. 2007 முதல் அதன் மேல் கட்டிய மென்பொருள் உலகத்தை, ஏஎம்டியின் மாற்றான ஆர்ஓசிஎம் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை. அதிலும் பழைய ஜிடிஎக்ஸ் 1060 வாங்கிவிடாதீர்கள், அது சேர்ந்த பாஸ்கல் தலைமுறையைக் கூடா 13 கைவிட்டுவிட்டது. 3டி வரையும் பிளெண்டர் மென்பொருளிலும் என்விடியா முன்னால்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, கேமரா எந்த வடிவத்தில் பதிகிறது என்பது. இப்போதைய கேமராக்கள் பல, நிற விவரத்தை அதிகமாக வைத்திருக்கும் 4:2:2 10 பிட் எச்.265 என்ற சுருக்கிய வடிவத்தில் பதிகின்றன. அதை வன்பொருளில் பிரித்துக் காட்டும் திறன் என்விடியாவுக்கு 50 வரிசையில்தான் வந்தது. அதற்கு முந்தைய 4090-இல்கூடக் கிடையாது. இன்டெல்லின் ஆர்க் கார்டுகளில் உண்டு, 11-ஆம் தலைமுறை முதலான இன்டெல் பிராசஸரின் உள்ளமைந்த கிராபிக்ஸிலும் உண்டு. ஸ்டுடியோக்காரர் ஒருவர் டைம்லைன் நகரவில்லை என்று பெரிய கார்டுக்குப் பணம் புரட்டிக்கொண்டு வந்தார். அவருக்குத் தேவைப்பட்டது பெயரின் கடைசியில் 'எஃப்' இல்லாத ஒரு கோர் ஐ5. 'எஃப்' என்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, சில ஆயிரம் மிச்சம் என்று பலர் அதைத்தான் வாங்குகிறார்கள்.

விலையில் ஒன்று மட்டும். டாலர் விலையை ரூபாய்க்கு மாற்றிவிட்டுக் கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். அமெரிக்க விலையில் வரி சேராது, இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதற்கு மேல் இறக்குமதியாளர் லாபம். சண்டை போட வேண்டிய இடம் வேறு: பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள். ரிச்சி தெருவோ ஆன்லைனோ, வாரன்டி தருவது என்விடியாவோ ஏஎம்டியோ அல்ல, கார்டைச் செய்த ஆசஸ், ஜிகாபைட், சபையர், ஜோடாக் போன்றவர்கள். அவர்களுடைய இந்தியக் கிளை வழியாக வராத கார்டுக்கு இங்கே சர்வீஸ் கிடைப்பது கஷ்டம்.

செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி என்று கேள்விப்படாத பிராண்டில் மலிவாக வந்தால், அது பெரும்பாலும் 2048எஸ்பி என்ற வகை. அசல் 580-க்கு 2304 கோர். இது 2018-இல் சீனச் சந்தைக்கென்று வந்தது, கோர் எண்ணிக்கையில் 570-க்குச் சமம். அதை விடவும் மோசம், பத்து வருடத்துக்கு மேலான பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ-யின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்பது. விண்டோஸும் அதை நம்பி 1050 டிஐ என்றே காட்டும். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, போலியைக் கண்டுபிடித்தால் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று போட்டுவிடும், கோர் எண்ணிக்கையையும் சொல்லும். பென் டிரைவில் போட்டு எடுத்துப் போய், பணம் கொடுப்பதற்கு முன் விற்பவருடைய மெஷினிலேயே ஓட்டிப் பாருங்கள். கூடவே ஏதாவது ஒரு கேமை அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களுக்காக இரவுபகலாக ஓட்டும் மைனிங்கில் அடிபட்ட மெமரி முதல் ஐந்து நிமிடத்தில் வேஷம் கலைக்காது.