பாயின்செட்டியா சிவக்கவில்லையா? உரத்துக்கு முன் இரவைப் பாருங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால், செடி தளதளவென்று இருந்தும் சிவக்கவே இல்லை என்று, குளிர்காலத்தில் கிளை நுனி இலைகள் சிவக்கும் பாயின்செட்டியாவை வளர்ப்பவர்கள் என்னை அழைப்பார்கள். பெங்களூரில் தோட்ட ஆலோசகராக நான் பார்த்தவற்றில் அல்சூர் மாடித் தோட்டம் ஒன்று மறக்க முடியாதது. "உரம் போட்டேன், மருந்தும் அடிச்சேன் தம்பி, இலைதான் வருது" என்றார் அந்த வீட்டு அம்மா. செடியைச் சுற்றிவந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருந்த கிளைகளின் நுனிகள் நன்கு சிவந்திருந்தன. தெருவிளக்கை நோக்கிய கிளைகள் மட்டும் பச்சையாகவே நின்றன. ஒரே வேர், ஒரே மண், ஒரே உரம். இரவு வெளிச்சம் ஒன்றுதான் வேறு.

பகல் நீளத்துக்கும் பூப்புக்கும் உள்ள தொடர்பை 1920-இல் கார்னர், அல்லார்டு என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கோடை முழுதும் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை வகை, பகலைச் செயற்கையாகக் குறைத்ததும் பூத்தது. ஆனால் செடி உண்மையில் அளப்பது இரவை என்பதை 1938-இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியில் காட்டினார்கள்: நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் ஒளி பட்டாலே அது பூக்கவில்லை. இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியை உணர்ந்துகொள்வதால், செடிக்கு அந்த ஒரு நீண்ட இரவு இரண்டு குறுகிய இரவுகளாகிவிடுகிறது. சாமந்தியைக் கொய்மலராக வளர்ப்பவர்கள் இதையே பயன்படுத்தி, தண்டு வேண்டிய உயரம் வரும்வரை இரவில் விளக்கெரித்து, பிறகு அணைத்து மொட்டு விடச் செய்கிறார்கள்.

பெங்களூரில் ஜூனின் நீண்ட பகலுக்கும் டிசம்பரின் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். நீண்ட இரவு கிடைத்தால்தான் சிவக்கும் பாயின்செட்டியா அந்தச் சிறு மாற்றத்தையே நம்பியிருக்கிறது. அதன் தலைக்கு மேல் விடிய விடிய விளக்கு எரிவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

செப்டம்பர் கடைசியிலிருந்து எட்டு முதல் பத்து வாரம் வரை, மாலை 5 மணி முதல் காலை 7 மணி வரை தொட்டியை வெளிச்சம் புகாத அறையில் வையுங்கள், அல்லது கனத்த கறுப்புத் துணியால் மூடுங்கள். பகலில் நல்ல வெயில் வேண்டும். நடுவில் விளக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள். சிவப்பது பூவல்ல, பூவடி இலைகள். நடுவிலுள்ள சிறு மஞ்சள் மணிகளே பூக்கள். ரோஜா, செம்பருத்தி பூக்காவிட்டால் இந்த வைத்தியம் உதவாது. அவற்றுக்கு முதலில் பகல் வெயிலையும் கவாத்தையும் கவனிக்க வேண்டும்.